குளத்துக்குக் குளம் கணக்கு

(வானொலியில் நிகழ்த்திய வேளாண் உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் தனிக் குளம் என்று ஒன்று இருப்பது அபூர்வம். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. எட்டாவதும் கடைசியுமானது ஸ்ரீவைகுண்டம். அங்கே வடகால், தென்கால் என்று இரண்டு கால்கள் பிரிகின்றன. வடகால் பேய்க்குளம், ஆறுமுகமங்கலம் முதலிய குளங்களுக்கு நீர் கொடுத்துவிட்டு, தூத்துக்குடிப் பக்கம் கோரம்பள்ளம் குளம் வரை போகிறது. தென்கால் கடம்பாகுளம் முதலிய குளங்களை நிரப்பி, திருச்செந்தூர் ஆவுடையார்குளம் வரை தொடர்கிறது. கரிசல் பக்கத்து மானாவாரிக் குளங்களும் இப்படித்தான். மேல குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ குளத்துக்குத் தண்ணீர்.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் இந்தத் தொடர்பு நமக்கு நன்றாக நினைவிருக்கும். "மேல ஊர்க்காரன் அடைச்சு வச்சுட்டான்" என்று சண்டைக்குப் போகிறோம். தண்ணீர் மிஞ்சிய வருஷத்தில் மட்டும் அது மறந்துவிடுகிறது. அவரவர் குளத்தை அவரவர் பார்த்துக்கொள்ளப் பார்க்கிறோம். அதனால் என்ன நேர்கிறது, அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் எப்படி உதவுகிறது, அதில் விவசாயிகளின் பங்கு என்ன என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2023 டிசம்பரில் வந்த தண்ணீர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., கோவில்பட்டியில் 53 செ.மீ. மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே சராசரியாக 65 செ.மீ. அளவில்தான். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல் பாலத்தின் அணுகுசாலை அடித்துக்கொண்டு போயிற்று. ஸ்ரீவைகுண்டம் அருகே இருப்புப்பாதையின் ஜல்லி அரித்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்று, சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். பிசான நெல்லும் வாழையும் மூழ்கின. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்தது.

95 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் பரப்பில் அத்தனை மழை ஒரு நாளில் பெய்து, முழுவதும் ஓடி வந்தால், சராசரியாக வினாடிக்கு 1,000 கன அடி வீதம் 24 மணி நேரமும் வந்துகொண்டே இருக்கும். நிலம் ஏற்கனவே நனைந்து ஊறியிருந்தால் உறிஞ்சுவது சொற்பம். இரண்டு சதுர மைல் வரத்து உள்ள ஒரு சின்னக் குளத்துக்கே 2,000 கன அடி வரும். மேல குளத்து மறுகால் தண்ணீர் அதற்கு மேல்!

இவ்வளவு மழைக்கு எந்தக் கணக்கும் ஈடு கொடுக்காது என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மைதான். அந்த மழையிலும் சில குளங்கள் உடைந்தன, சில குளங்கள் நின்றன. ஏன் இது உடைந்தது, ஏன் அது நின்றது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பல இடங்களில் குளத்துக்குள் இருப்பதில்லை. குளத்துக்குக் கீழே, ரோட்டுப் பாலத்தில் இருக்கும்.

மறுகாலும் மூணு கண் பாலமும்

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்ப்போம். 100 அடி நீளமுள்ள மறுகால் ஒன்று. அதன் மேல் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் போனால், தோராயமாக வினாடிக்கு 300 கன அடி வெளியேறும். இரண்டு அடி உயரத்துக்குப் போனால் எவ்வளவு? "இரண்டு பங்கு, 600" என்பீர்கள். அப்படியில்லை, 850 கன அடி போகும். மூன்று அடி என்றால் 1,560. தண்ணீர் உயர உயர, மறுகால் வெகு வேகமாக வெளியேற்றும். நம் முன்னோர்கள் மறுகாலை நீளமாக, திறந்தபடி கட்டியதன் சூட்சுமம் இதுதான்.

இந்த மறுகால் ஓடை அரை மைல் போய் ஒரு ரோட்டைக் கடக்கிறது. அங்கே மூணு கண் பாலம். ஒவ்வொரு கண்ணும் 4 அடி அகலம், 5 அடி உயரம். கண் முழுவதும் முழுகிவிட்டால், பாலத்தின் இரு பக்கமும் உள்ள நீர்மட்ட வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. வித்தியாசம் ஒரு அடி என்றால் சுமார் 290 கன அடி போகும். மறுகாலில் வருகிற 300-க்கு அது ஏறக்குறையச் சரியாகிவிடும். சாதாரண மழையில் இந்தப் பாலம் போதும் என்று நாம் நினைப்பது அதனால்தான்.

பெருமழை வருகிறது. மறுகாலில் இரண்டு அடி ஏறி, 850 கன அடி வருகிறது. பாலத்திலும் இரண்டு அடி வித்தியாசம் ஏற்பட்டால், அது எவ்வளவு கடத்தும்? சுமார் 410 மட்டுமே. மறுகால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தள்ளுகிறது. பாலம் ஒன்றரை மடங்குகூட வாங்குவதில்லை. மீதி 440 கன அடி ரோட்டுக்கு மேற்கே தேங்குகிறது. ஒரே மணி நேரத்தில் அது 36 ஏக்கர் நிலத்தில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர். நாற்றும் வாழைக்கன்றும் அதற்குள்தான் நிற்கின்றன.

அதோடு முடியவில்லை. தேங்கிய தண்ணீர் ஏறி ஏறி மறுகாலையே முழுக அடிக்கும். மறுகால் முழுகினால் அதன் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குளத்தில் நீர்மட்டம் ஏறும். ஏறிய தண்ணீர் கரையின் தாழ்வான இடத்தில் வழியத் தொடங்கும். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் அரிப்பு, அரித்தால் உடைப்பு. ரோட்டுப் பாலம் சின்னதாக இருந்ததற்கு அரை மைல் தள்ளியிருக்கிற குளம் உடைகிறது. கீழே ஒரு குளம் இருந்தால், இதன் தண்ணீர் மொத்தமாக அதன் தலையில் விழும். மேலே ஒன்று உடைந்தால் கீழே வரிசையாக உடைவது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மறுகால் மேல் ஒரு அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, "கொஞ்சம் கூடத் தண்ணி நிக்கட்டும்" என்று விடுகிறோம். குளத்தில் அதே நீர்மட்டம் இருக்கும்போது இரண்டு அடி போகவேண்டிய இடத்தில் ஒரு அடிதான் போகும். வெளியேறுவது 850-லிருந்து 300-க்கு இறங்கிவிடும். ஒரு அடி மூட்டை மறுகாலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

இதுவரை சொன்னது ஒரு குளம், ஒரு பாலம். இதைக் காகிதத்தில் போட்டுவிடலாம். பத்துக் குளம், இருபது பாலம், நடுவே பல ஓடைகள் என்றால்? மேல குளம் விடுவது கீழ குளத்தை ஏற்றுகிறது. கீழ குளம் ஏறினால் மேலேயிருந்து வருகிற ஓடையைத் தடுக்கிறது. ஒன்றை ஒன்று பாதிப்பதால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

வீட்டுக் கணக்கு மாதிரிதான் அது. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பேரேடு. மழையும் மேல்தண்ணீரும் வரவு. மடை, மறுகால், ஆவி, கசிவு எல்லாம் செலவு. மீதி கையிருப்பு. கையிருப்பு எவ்வளவு என்றால் நீர்மட்டம் எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். நீர்மட்டம் தெரிந்தால் மறுகாலில் எவ்வளவு போகும் என்பது தெரியும். அது அடுத்த குளத்தின் வரவு. இப்படி எல்லாக் குளத்துக்கும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கணக்கை முடித்து, மறுபடி தொடங்கும். மூன்று நாள் வெள்ளத்தைச் சீக்கிரத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இதற்காக எழுதிய 'ஹெக்-ராஸ்' என்ற மென்பொருள் 1995-ல் வெளிவந்தது. நகரத்து மழைநீர் வடிகாலுக்காக எழுதிய 'ஸ்வம்' என்பது 1971 முதல் இருக்கிறது. இரண்டையும் காசு கொடுக்காமலே பெறலாம். நம் நாட்டில், 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்காக 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாட்டை 2019-ல் கொண்டுவந்தது. மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவது அது.

நம்மைப் போலவே குளத்துக்குக் குளம் கோத்து வைத்திருப்பவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அங்கே அந்தத் தொடரைச் சிங்களத்தில் 'எல்லங்காவ' என்பார்கள். அனுராதபுரம் பகுதியில் திரப்பனைக் குளத்தொடருக்கு, எளிய வரவு செலவுக் கணக்கு ஒன்று போட்டு, 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதைத் தொடராகப் பார்ப்பதுதான் அதன் நோக்கம். வெள்ளத்துக்கு மட்டுமல்ல, பஞ்சத்துக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாலத்தை அகலப்படுத்தினால் போதுமா?

"சார், அப்ப அந்த மூணு கண் பாலத்தை ஆறு கண்ணாக்கிட்டா முடிஞ்சு போச்சு!" என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஊருக்கு முடிந்துபோகும். அடுத்த ஊருக்கு? இதுவரை ரோட்டுக்கு மேற்கே தேங்கி, மெள்ள மெள்ளப் போன தண்ணீர், இனி ஒரே மூச்சில் கீழ குளத்துக்குப் போகும். அந்தக் குளத்து மறுகால் பழைய அளவில்தான் இருக்கும். மேல ஊருக்கு நல்லது செய்து, கீழ ஊரை முழுக அடித்ததாக ஆகும்.

கணக்கை ஓட்டிப் பார்ப்பதன் பெரிய பலன் இங்கேதான். சிமெண்டைக் கொட்டுவதற்கு முன்னால், பாலத்தைக் கம்ப்யூட்டரில் அகலப்படுத்திப் பார்க்கலாம். எந்த ஊரில் எத்தனை அங்குலம் இறங்குகிறது, எந்த ஊரில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஏறுகிற ஊரையும் கூப்பிட்டுப் பேசி, அங்கே செய்யவேண்டியதை முதலில் செய்யலாம். பொதுவாக, வேலையைக் கடைமடையில் ஆரம்பித்து மேலே போவதுதான் நல்லது.

நமக்குக் கடைமடை என்பது கடல். கோரம்பள்ளத்து மறுகால் தண்ணீர் உப்பாற்று ஓடை வழியாக, உப்பளங்களுக்கு நடுவே போய்க் கடலில் சேர்கிறது. முத்துக்குளித்துறைக் கடலில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் தரை மட்டமான இந்தக் கரையில் அதுவும் முக்கியம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஓடை மெதுவாகத்தான் வடியும். ஆகையால் கணக்கில் கடல்மட்டத்தையும் நேரப்படி சேர்க்க வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் மேலே எந்தப் பாலத்தை அகலப்படுத்தியும் முழுப் பலன் இல்லை.

முன்கூட்டியே குளத்தை இறக்கலாமா?

பெருமழை எச்சரிக்கை வந்தால் குளத்தில் ஒரு அடி இறக்கி, இடம் வைத்துக்கொள்வது நல்ல உபாயம். ஆனால் அதிலும் லாப நஷ்டம் உண்டு. 500 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் ஒரு அடி என்பது 500 ஏக்கர் அடி தண்ணீர். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ 4 அடித் தண்ணீர் என்று வைத்தால், அது 125 ஏக்கருக்கு ஆகும். எச்சரிக்கை பொய்த்தால் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போனதுதான்.

நேரமும் வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கர் அடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கணக்குக்கும் உதவும். மேற்படி குளத்தை 500 கன அடி வீதம் திறந்தால்கூட ஒரு அடி இறங்க 12 மணி நேரம் ஆகும். மழை கொட்டும்போது ஷட்டரைத் தேடி ஓடுவதில் பயன் இல்லை. எந்தக் குளத்தை எத்தனை மணிக்கு முன்னால், எவ்வளவு இறக்குவது, அந்தத் தண்ணீரைக் கீழ குளம் தாங்குமா என்பதைத் தொடர் முழுவதற்கும் சேர்த்து முன்பே கணக்கிட்டு, காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கணக்குக்கு அளவு எங்கிருந்து வரும்?

"சார், கம்ப்யூட்டர் வந்து எங்க கரையைப் பிடிச்சுக்கிடுமா?" என்று கேட்பீர்கள். பிடிக்காது. நாம் கொடுக்கிற அளவு பொய்யானால், அது சொல்கிற விடையும் பொய்யாகும். செயற்கைக்கோள் படத்திலிருந்து மேடு பள்ளம் எடுக்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைக்கிற அந்த அளவுகளில் சில மீட்டர் பிசகு இருக்கலாம். மூன்று அடி தாழ்ந்து கிடக்கும் கரை அதில் தெரியாது. பாலத்தின் ஒரு கண் வண்டலால் அடைபட்டிருப்பதும் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஓடையில் அடைசலும் அப்படித்தான். ஓடை எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கு ஓர் எண் உண்டு. அயர்லாந்துப் பொறியாளர் மேனிங் பெயரால் அதைச் சொல்வார்கள். சுத்தமான மண் ஓடைக்கு 0.03 என்று வைத்தால், சீமைக்கருவேல் அடர்ந்த ஓடைக்கு 0.10 வரை வைப்பார்கள். அதே ஆழம், அதே சரிவு இருந்தும், முட்காட்டு ஓடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீர்தான் போகும். அமலைச்செடி பாலக்கண்ணில் வந்து அடைத்தால் அதுவும் போகாது. ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் ஓடை சுத்தம் என்று வைத்துக்கொண்டால், விடை தப்பாகத்தானே வரும்?

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இவற்றை எழுதி வையுங்கள்.

1. மறுகாலின் நீளம். மறுகால் மட்டத்துக்கும் கரையின் மிகத் தாழ்வான இடத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம். ஒளிபுகும் குழாயில் தண்ணீர் ஊற்றி, கொத்தனார் மட்டம் பார்ப்பது போலப் பார்த்தாலே போதும்.

2. குளத்துக்கு மேலும் கீழும் உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் எத்தனை கண், ஒவ்வொன்றின் அகலம், உயரம், அதில் வண்டல் எத்தனை அடி. ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலங்களையும் விடவேண்டாம். ஆனால் பாதை மேல் ஏறாமல், தள்ளி நின்று எழுதுங்கள்.

3. 2023 வெள்ளம் நின்ற உயரம். கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், பம்புசெட் அறை எதிலாவது கறை இருந்தால், அது மறைவதற்குள் ஆணி அடித்தோ பெயின்ட் தடவியோ அடையாளம் வையுங்கள். பெரியவர்களிடம் 1992 நவம்பர் வெள்ளத்தின் அடையாளத்தையும் கேளுங்கள்.

4. நேரம். மறுகால் எத்தனை மணிக்குப் பாயத் தொடங்கியது, ரோட்டின் மேல் எத்தனை மணிக்கு ஏறியது, கரை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உடைந்தது, எப்போது வடிந்தது.

மூன்றாவதும் நான்காவதும் ஏன் முக்கியம்? கணக்குப் போடுகிறவர் முதலில் பழைய வெள்ளத்தைத்தான் கம்ப்யூட்டரில் ஓட்டுவார். கோயில் சுவரில் இருக்கிற கறை அளவுக்குக் கணக்கிலும் தண்ணீர் ஏறுகிறதா, நீங்கள் சொன்ன நேரத்துக்கு ஏறுகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால்தான் வரப்போகும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கை நம்பலாம். அப்படிப் பார்க்கும்போது, உங்கள் ஊர் நீர்பாய்ச்சி சொல்கிற "ராத்திரி ரெண்டு மணிக்கு மறுகால் சத்தம் மாறிட்டு" என்ற ஒரு வார்த்தைக்கு விலை கிடையாது.

இந்த விவரத்தை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் மூலம் கொடுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் என்றால் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடமும், சிறிய குளம் என்றால் ஊராட்சி ஒன்றியத்திலும் தரலாம். ஒரே காலில் உள்ள எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து, ஒரே படமாக எழுதிக் கொடுத்தால் பலன் அதிகம். மேல ஊரும் கீழ ஊரும் ஒரே பாயில் உட்கார்ந்து அந்தப் படத்தை வரைந்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். பாலம் கட்ட ரோடு அளக்க வருகிறவர்களிடமும் அதைக் காட்டுங்கள். "மேலே மறுகால் நீளம் இவ்வளவு, இதுக்குத் தகுந்த கண் வைங்க" என்று அப்போது சொல்லலாம். கட்டி முடித்த பிறகு சொல்லி என்ன பயன்?

வெள்ளம் வரும் முன்னே அணை போடு என்பது பழமொழி. அணை போடும் முன்னே அளவு எடு என்று நாம் சேர்த்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாசியில் குளத்தில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். மறுகாலும் பாலக்கண்ணும் வெளியே தெரியும். ஒரு டேப்பும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம் வரை ஓடை வழியே நடந்து பாருங்கள். வழியில் எத்தனை பாலம், எத்தனை அடைப்பு என்று எழுதுங்கள்.